நிரப்பாமல் விட்ட கோடிட்ட இடம்

மடகாஸ்கர் விமான நிலையத்தில் என் பையைத் திறந்த அதிகாரி முதலில் எடுத்தது பருப்புப் பொடி. முகர்ந்து பார்த்துத் தும்மிவிட்டு அதை ஓரமாக வைத்தார். அடுத்து ஒரு காகிதக் கட்டு. பனியன் நாடாவால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, மேலே 1/3 என்று எழுதிய டிக்கெட் சீட்டு ஒட்டியது. பிறகு 2/3 வந்தது. பிறகு 3/3. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தப்பு செய்யாமலே தப்பு செய்தவன் மாதிரி முழிப்பது எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். அவிநாசியில் போலீஸ்காரர் பக்கத்து வண்டிக்குக் கை காட்டினாலும் நான் நிறுத்திச் சாவியை எடுத்து நீட்டிவிடுவேன்.

"வாட்?" என்றார்.

"ஹிஸ்டரி," என்றேன்.

கட்டைப் பிரித்தார். கோட்டைப் படம், வாளோடு ஒரு ராஜா, கீழே கேள்விகள். என் பாஸ்போர்ட்டில் பிறந்த வருடத்தைப் பார்த்தார், பிறகு என் நரையைப் பார்த்தார். "எக்ஸாம்," என்றேன். அவர் கட்டை முன்பு இருந்தபடியே முடிந்து, இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். ஆபரேஷனுக்கு உள்ளே போகிறவனை வழியனுப்புகிற முகம்.

முப்பது வருடத்துக்கு முன்னால் பத்தாவதில் நான்கு பாடம் தேறி, சமூக அறிவியலில் கவிழ்ந்தவன் நான். கவிழ்த்தது வரலாறுதான். பனியன் கம்பெனியில் ராஜாக்களைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள் என்று திருப்பூருக்கு வந்தேன். தைப்பவர்களுக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலையில் தொடங்கி, கட்டிங் மாஸ்டராகி, ஒரு தையல் லைன் முழுக்க என் பொறுப்பு என்கிற அளவுக்கு வந்தபோதும் யாரும் கேட்கவில்லை. இந்த வருடம் கேட்டார்கள்.

எங்கள் முதலாளி கிணற்று மேட்டில் கம்பெனி கட்டிய தோட்டத்துக்காரர். ஒரு நாள் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் உட்காரச் சொன்னால் நல்ல செய்தி இல்லை என்று அர்த்தம்.

"ஆர்டரெல்லாம் மடகாஸ்கர் போகுதுங்க துரைசாமி. அங்கிருந்து போனா வரி கம்மிங்கறாங்க. நம்ம மூணாவது லைன் மிஷினையும் அங்கயே ஏத்திடறேன். நீங்களும் போயிருங்க, ரெண்டு வருசம் மேனேஜரா. இல்லாட்டி இங்க உங்களுக்குன்னு ஒண்ணும் இருக்காதுங்க."

அந்தக் கடைசி வாக்கியத்துக்கும் ஒரு 'ங்க' போட்டார். எங்கள் பக்கத்தில் கழுத்தில் கத்தி வைக்கும்போதும் மரியாதை குறையாது.

"ஆனா ஒண்ணுங்க. அங்க நம்ம கூட்டாளிக பத்தாவது பாஸ் சர்ட்டிபிகேட் கேக்கறாங்க. நீங்க பாஸுதானுங்களே?"

"ஒரு பாடம் மட்டும் நிக்குதுங்க."

"எந்தப் பாடமுங்க?"

"வரலாறுங்க."

"கணக்குன்னாக்கூடப் பரவால்லீங்க," என்றார்.

இப்படியாகத் துணைத் தேர்வுக்குப் பணம் கட்டினேன். தேர்வுக்கு முன்னால் பத்து நாள் போய் மெஷின்களை இறக்கிப் பூட்டி, அங்குள்ள பெண்களுக்கு வேலை பழக்கிவிட்டு வர வேண்டும் என்று உத்தரவு. டியூஷன் வாத்தியார் ஒருவர் தொகுத்த கைடு செங்கல் கனம் இருந்தது. வரலாற்றை மட்டும் கட்டிங் மெஷினில் வைத்து அறுத்து மூன்று பண்டிலாக்கினேன். ஒன்று பழைய ராஜ்ஜியங்கள், இரண்டு வெள்ளைக்காரர் வருகை, மூன்று கிளர்ச்சிகள். துணியை வெட்டினால் பண்டில் கட்டி டிக்கெட் ஒட்டாமல் என் கை சும்மா இருக்காது.

"புஸ்தகத்தப் போயி யாராச்சு வெட்டுவாங்களாங்க?" என்றாள் என் மனைவி சரசு. "காலு பட்டாலே தொட்டுக் கும்புடறது. அப்பறம் எப்படிங்க பாஸாகும்?" அறுபட்ட மூன்று கட்டையும் சாமி படத்தடியில் ஒரு நாள் வைத்து எடுத்துக் கொடுத்தாள்.

நான் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே மெஷின்கள் கப்பலேறின. அன்று லைனில் எல்லோரும் அவற்றைக் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜெயராணி மட்டும் அருகில் வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷினில் அவள் கைக்கு எங்கள் கம்பெனியில் ஈடு கிடையாது.

"என் மிஷினையும் கொண்டுபோறீகளாண்ணே?"

"ஆமா அம்மிணி."

"நல்லா பாத்துக்கோங்க," என்றாள். ஊருக்குப் போகும் பிள்ளையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மடகாஸ்கரின் தலைநகர் அந்தானநரிவோ மேடும் பள்ளமுமான ஊர். முதல் நாள் ஏறிய டாக்ஸி எனக்கு ஒரு வயது மூத்தது என்று நினைக்கிறேன். கியர் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல். அதிலிருந்து ஒரு குழாய் உள்ளே போயிற்று. இறக்கம் வந்தால் ஓட்டுநர் இஞ்சினை அணைத்துவிடுவார். ஏற்றத்தில் வண்டி தானாக அணைந்துவிடும். பாதி மேட்டில் நின்றதும் அவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு நடந்து போய்விட்டார். பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க, கை பிரேக் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இதுவரை கும்பிடாத சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். பல்லடம் தனியார் பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கியபோதுகூட இவ்வளவு பேரைக் கூப்பிட்டதில்லை. அவர் ஒரு பாட்டில் பெட்ரோலும் எனக்கு ஒரு வாழைப்பழமுமாக நிதானமாகத் திரும்பி வந்தார்.

சோற்றுக்குக் குறையில்லை. மூன்று வேளையும் சோறுதான், தொட்டுக்கொள்ளக் கீரை, ஒரு துண்டு கறி. சோறு அடிப்பிடித்த சட்டியிலேயே தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவைத்து, சாப்பாட்டோடு குடிக்கத் தருகிறார்கள். கருகல் வாசனை. எங்கள் வீட்டில் அந்தச் சட்டியை வைத்து ஒரு சண்டையே நடந்திருக்கும். இரண்டாம் நாளே அந்தத் தண்ணீர் இல்லாமல் சாப்பாடு இறங்கவில்லை.

தொழிற்சாலையில் எனக்கு மொழிபெயர்ப்பாளராக வந்தவர் லலாவ். முப்பதைத் தாண்டிய, மெலிந்த பெண். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தவர். சம்பளம் வந்தால் உண்டு என்கிற வேலையை விட்டுவிட்டு, ஆங்கிலம் தெரியும் என்பதால் இங்கே வந்துவிட்டார். நான் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்றதும் அவர் சிரிக்கவில்லை. "எந்தப் பாடம் பயம்?" என்று மட்டும் கேட்டார்.

"எல்லாம்," என்றேன்.

இரண்டாம் நாள் கண்டெய்னரைத் திறந்தோம். எங்கள் மெஷின்கள் பாலிதீன் சுற்றி உட்கார்ந்திருந்தன. ஜெயராணியின் ஓவர்லாக்கை நான் பார்த்த உடனே கண்டுகொண்டேன். ஆயுத பூஜைக்கு நாங்கள் வைத்த குங்குமமும், அவள் ஒட்டிய சிலுவை ஸ்டிக்கரும், கீழே நகப்பூச்சில் அவளே எழுதிய பெயரும் அப்படியே இருந்தன. அந்த மெஷினில் உட்கார்ந்தவள் பெயர் நோரோ. சின்னப் பெண், கைக்குழந்தைக்காரி. அந்த எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு லலாவிடம் ஏதோ கேட்டாள்.

"பெயரா என்று கேட்கிறாள்."

"பெயர்தான். ஜெயராணி. இதில் தைத்தவள்."

நோரோ குரலைத் தாழ்த்தி இன்னொன்று கேட்டாள். லலாவ் கொஞ்சம் தயங்கினார். "அவர் எப்போது இறந்தார் என்று கேட்கிறாள்."

"இறக்கவில்லை. உயிரோடு இருக்கிறாள். நல்லாத்தான் இருக்கிறாள்."

நோரோ என்னையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்படியானால் மெஷின் ஏன் இங்கே வந்தது?"

அது என் பாடத்தில் இல்லாத கேள்வி. நூல் கோர்ப்பது எப்படி என்று காட்ட ஆரம்பித்தேன்.

மூன்று நாட்கள் கத்திக் கத்தி வேலை பழக்கினேன். வெட்டிய துணி பண்டிலாக வரும், அதில் டிக்கெட் இருக்கும். டிக்கெட் இருந்தால் யாரிடமும் எதுவும் கேட்காதே, உன் தையலை முடி, அடுத்த மேசைக்குத் தள்ளு. கேள்வி கேட்டு நின்றால் லைன் நிற்கும், லைன் நின்றால் கம்பெனி நிற்கும். திருப்பூரில் இதைச் சொல்லவே தேவையில்லை. இங்கே அவர்கள் பண்டிலை எடுத்தால் ஒருவருக்கொருவர் காட்டி, பேசி, சிரித்து, பிறகுதான் தைத்தார்கள். "டிக்கெட் இருந்தால் கேட்காதே" என்பதை லலாவ் அவர்கள் மொழியில் சொல்லச் சொல்ல, நான் ஒவ்வொரு மேசையாகத் தட்டினேன். நான்காம் நாள் அறை அமைதியாகிவிட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது.

சாயங்காலம் விடுதி அறையில் இரண்டாவது பண்டிலைப் படித்தேன். வந்தவர்கள் முதலில் சரக்கு வைக்க ஓர் இடம் கேட்டார்கள். பிறகு சரக்குக்குப் பாதுகாப்பாக ஒரு சுவர். பிறகு சுவருக்குப் பாதுகாப்பாக ஆட்கள். மறுநாள் காலை தொழிற்சாலைச் சுவரையும் வாசலில் நின்ற காவலர்களையும் பார்த்தபோது கைடு கையில் இல்லாமலே பாடம் ஓடியது. இடைவேளையில் இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். என்ன என்று லலாவைக் கேட்டேன்.

"'இந்த ஆள் எப்போது திரும்பிப் போவார்?' என்று ஒருத்தி கேட்டாள். 'எங்கே போகிறார், இவருக்கு இங்கே வீடு பார்க்கிறார்களாம்' என்றாள் மற்றவள்."

வரலாற்றுப் புத்தகத்தில் நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதில் அதுவரை எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

ஐந்தாம் நாள் கரண்ட் போனது. அங்கே அது தினசரி விருந்தாளி. நோரோவுக்குத் தையல் ஓரத்தைக் காட்டிக்கொண்டிருந்த நான், படிக்கலாம் என்று கொண்டுவந்திருந்த மூன்றாவது பண்டிலை அவள் மேசை மேல் வைத்துவிட்டு ஜெனரேட்டரைப் பார்க்க ஓடினேன். திரும்பி வந்தபோது விளக்கு எரிந்தது, லைன் ஓடியது, கிளர்ச்சிகளைக் காணோம்.

ஒவ்வொரு மேசையாக விசாரித்தோம். நோரோவிடம் தொடங்கி செக்கிங் வரைக்கும் எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள்: "டிக்கெட் இருந்தது." செக்கிங்கில் 3/3 என்றிருந்ததால் செட் முழுமை என்று அனுப்பிவிட்டார்கள். பேக்கிங்கில் அழகாக மடித்து, பாலிதீன் பையில் போட்டு, பனியன்களுக்கு நடுவே அட்டைப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். அவசர ஆர்டர், விமானத்தில் போவது. மதியமே பெட்டி கிளம்பிவிட்டது.

"கேட்கக் கூடாது என்று நீங்கள்தான் சொன்னீர்கள்," என்றாள் நோரோ. குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. மனப்பாடம் ஒப்பிக்கிற பிள்ளையின் குரல்.

நான் சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். பக்கங்கள் போனால் என்ன, ஃபோனில் இறக்கிக்கொள்ளலாம். சிரித்தது தப்பு என்பது பிறகுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை லலாவ் என்னைப் பழைய அரண்மனை இருக்கும் குன்றுக்குக் கூட்டிப்போனார். அரண்மனை ஒரு முறை எரிந்து, திரும்பக் கட்டப்பட்டது. அங்கே ஆண்ட ராஜாக்களின் பெயர் ஒவ்வொன்றும் அரை வரி நீளம். இந்த ஊரில் பத்தாவது எழுதாமல் பிழைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன். மேலிருந்து பார்த்தால் ஊருக்குள்ளேயே வயல்கள் தெரிந்தன. லலாவ் பாடம் நடத்தும் பழக்கத்தில் என்னை நிற்கவைத்துச் சொன்னார். பிரெஞ்சுக்காரர்கள் ராஜ்ஜியத்தை எடுத்துக்கொண்டதும் கிராமத்து ஆட்கள் எழுந்தார்களாம். போர்த்துகிற துணியைச் செம்மண்ணில் தோய்த்துப் போர்த்திக்கொண்டு கிளம்பினார்களாம். சிவப்புப் போர்வைக்காரர்கள் என்றே பெயர்.

"செம்மண் சாயம் துவைத்தால் நிற்குமா?" என்று கேட்டேன். திருப்பூர்க்காரனுக்கு வேறு என்ன கேட்கத் தெரியும்.

"துவைக்க அதிகம் பேர் திரும்பி வரவில்லை," என்றார்.

ஏன் தோற்றார்கள் என்று கேட்டேன். பரீட்சைக் கேள்வி கேட்கிற பழக்கம் எனக்கும் வந்துவிட்டது. "ஒரு ஊரைப் பிடித்தபோது அடுத்த ஊர் பேசாமல் இருந்தது. எப்போதும் நடப்பதுதான்," என்றார்.

ஒன்பதாம் நாள் காலை, பனியன்களை வாங்கிய வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. பெட்டிக்குள் ஜவுளி அல்லாத பொருள் இருந்ததாகப் புகார், கூடவே புகைப்படம். வெள்ளை மேசை மேல், பக்கத்தில் ஸ்கேல் வைத்து, பிணத்தைப் படம் எடுப்பது போல என் பண்டிலை எடுத்திருந்தார்கள். விரிந்து கிடந்தது வேலூர்ப் புரட்சிப் பக்கம். சிப்பாய்களின் தலைப்பாகையை மாற்றச் சொன்னதால் வெடித்தது என்று நானே பென்சிலில் அடிக்கோடு போட்டிருந்தேன்.

கூட்டாளிகளின் அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. தவறு எப்படி நடந்தது, இனி நடக்காமலிருக்க என்ன நடவடிக்கை என்று கேள்விகள். கடைசியில் ஒரு கோடு: பொறுப்பான நபர்.

அங்கேதான் என் பேனா நின்றது. என் பெயரை எழுதினால் மேனேஜர் வேலை போயிற்று. பத்தாவதில் மாநிலத்தில் முதலாவதாக வந்தாலும் போனது போனதுதான். திருப்பூரில் எனக்கென்று மெஷின்கூட இல்லை. எல்லாம் இங்கே வந்துவிட்டன. பையனுக்குக் கல்லூரி, வீட்டுக்குக் கடன். அறைக்குள் ஆறு முறை நடந்தேன். கழிவறைக்கு நான்கு முறை போனேன். பேனா மூடியைக் கடித்து உடைத்துவிட்டேன். கடைசியில், 'பயிற்சிக் குறைபாடு' என்று பொதுவாக எழுதிவிட்டு, அந்தக் கோட்டைக் காலியாக விட்டேன்.

லலாவ் படிவத்தைப் பார்த்தார். "நோரோ கேட்கச் சொன்னாள். யார் பெயர் எழுதினீர்கள்?"

"யார் பெயரும் எழுதவில்லை. காலியாக விட்டிருக்கிறேன்." சொல்லும்போது ஏதோ தர்மம் செய்தது போலச் சொன்னேன்.

"காலியாக விட்டால் அவர்கள் நிரப்பிக்கொள்வார்கள்," என்றார். அன்று மதியம் கருகல் தண்ணீர் வந்தது. நான் குடிக்கவில்லை.

பத்தாம் நாள் கிளம்பினேன். பை லேசாக இருந்தது. விமானத்தில் தந்த சோறு உதிரி உதிரியாக, எந்த ஊர்ச் சோறு என்றே தெரியாமல் இருந்தது. வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் ஃபோனைத் திறந்தால் லலாவிடமிருந்து ஒரு வரி: "பண்டில் முதலில் கிடந்த மெஷினின் நம்பரைப் பார்த்து நோரோ பெயரை நிரப்பிவிட்டார்கள். அவளை நேற்றோடு வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்."

பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதி எழுதி அழித்தேன். சரசு காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "படிங்க படிங்க, பரிச்சை வருது," என்று கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

தேர்வு மையத்தில் பெஞ்சுக்கும் மேசைக்கும் நடுவே என் வயிறு நுழைய மறுத்தது. கண்காணிப்பாளர் என்னைப் பெற்றோர் என்று நினைத்து வெளியே நிற்கச் சொன்னார். ஹால் டிக்கெட்டைக் காட்டியதும், "உக்காருங்க சார்," என்றார். வினாத்தாளைத் திருப்பினால், கோடிட்ட இடங்களை நிரப்புக. ஒன்றைக்கூடக் காலியாக விடவில்லை. தெரியாததற்கும் ஏதாவது ஒரு ராஜாவின் பெயரை எழுதினேன். கடைசியில் பெரிய கேள்வி: கிளர்ச்சிகள் தோற்றதற்கான காரணங்களை விளக்குக. இரண்டு பக்கம் எழுதினேன். வாழ்க்கையில் எந்தக் கேள்விக்கும் இவ்வளவு சரியாகப் பதில் எழுதியதில்லை.

தேறிவிட்டேன். எல்லைக் கோட்டுக்கு மேலே இரண்டு மதிப்பெண். முதலாளி கம்பெனி முழுக்க லட்டு கொடுத்தார். "வரலாறு படைச்சிட்டீங்களுங்க," என்றார். மெஷின் இருந்த இடங்களில் தரையில் சதுரம் சதுரமாக எண்ணெய்க் கறை. அதைத் தாண்டித் தாண்டிப் போய் லட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் பல்லடம் பஸ்ஸில் ஜெயராணி ஏறினாள். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் மகளின் மாற்றுச் சான்றிதழ். ஊருக்கே போகிறார்களாம், அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டுமாம். பாட்டு அலறிக்கொண்டிருந்தது. அவள் என் முன் சீட்டில் உட்கார்ந்து திரும்பிக்கொண்டாள்.

"பாஸாயிட்டீகளாம்லா. எப்பம்ணே போறீக?"

"வர்ற மாசமுங்க."

"என் மிஷின்ல யாருண்ணே உக்காந்திருக்கா?"

"நோரோன்னு ஒரு புள்ளைங்க. கைக்கொழந்தைக்காரி."

"நல்லா தைக்காளா?"

"நல்லாத் தைப்பா."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "மழ பெஞ்சா அந்த மிஷின் நூல அறுக்கும்ணே. எடது பக்கத்து நூல் டென்சன் திருகாணிய ஒரு சுத்து லூசு பண்ணணும். இல்லைனா அந்தப் புள்ளையத்தான் ஏசுவாக. மறக்காம அவகிட்டச் சொல்லிருங்க."

சட்டைப் பையில் மதிப்பெண் சான்றிதழின் நகல் இருந்தது. அதன் பின்பக்கத்தில், ஓடுகிற பஸ்ஸில், கோணல்மாணலாக எழுதிக்கொண்டேன்: இடது பக்கம், ஒரு சுற்று, மழை நாளில். சரியாக எழுதியிருக்கிறேனா என்று அவள் எட்டிப் பார்த்தாள்.

"அவ என்னயப் பத்திக் கேட்டாளாண்ணே?"

"கேட்டா."

"என்ன கேட்டா?"

"நீங்க உசுரோட இருக்கீங்களான்னு கேட்டா."

ஜெயராணி சிரித்துவிட்டாள். பக்கத்துச் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். "இருக்கேம்னு சொன்னீகளா?"

"சொன்னேன்."

பல்லடம் வந்தது. அவள் சான்றிதழ் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கி, "அவளயும் கேட்டேம்னு சொல்லுங்க," என்று சன்னல் வழியாகச் சொன்னாள். தலையை ஆட்டினேன். பஸ் கிளம்பிவிட்டது. நானும் அங்கேதான் இறங்க வேண்டியவன்.